சீட்டு வைத்த பக்கம்

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் குக்கர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் குக்கர். கோபம் வந்தால் முதலில் மூக்கு வழியாக ஒரு நீளமான மூச்சு வரும், பிறகு இன்னொன்று, மூன்றாவது வருவதற்குள் எதிரே நிற்கிறவர் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே பெரிய வகுப்புப் பிள்ளைகள் சொல்லித்தரும் பாடம் இது. பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "குக்கர்னா குக்கர்தான். அடுப்பைப் பத்த வெச்சது யாருன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க" என்பார்.

நூலகர் வேலை அவர் படித்து வாங்கியது அல்ல. அதே பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். ஒரு மழைநாள் காலையில் மணி அடித்ததும் வாசல் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். தாமதமாக வந்த பிள்ளைகள் வெளியே நனைந்துகொண்டு நின்றார்கள். வாட்ச்மேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒழுங்கு என்றால் ஒழுங்குதான் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இவர் போய் அந்தச் சாவியைப் பிடுங்கிக் கேட்டைத் திறந்துவிட்டார். ஒழுங்கைக் கெடுத்ததற்குத் தண்டனை வேண்டுமல்லவா? மாடியில் கடைசி அறையான நூலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே மனித வாடையே கிடையாது, சண்டை போட ஆள் கிடைக்காது என்று கணக்குப் போட்டார்கள். போட்டார்கள் பாருங்கள் ஒரு கணக்கு!

போன அன்றைக்கே அவருக்கு வயிறு எரிந்தது. புத்தகங்கள் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்களில் அடுக்கியிருந்தன. கதவுக்குப் பூட்டு. சாவி கீழே அலுவலகத்தில். புத்தகம் அழுக்காகிவிடுமாம். பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். சாவி கேட்டு எழுதினார், ஞாபகப்படுத்தினார், சத்தம் போட்டார். வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். பீரோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூட்டைத் தொட வேண்டாம். பூட்டுதான் அவங்களோடது. கீலை யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். கீல்களைக் கழற்றி, கதவுகளைப் பூட்டோடு அப்படியே எடுத்துத் தேசப்படம் மாட்டுகிற ஸ்டாண்டுக்குப் பின்னால் சாத்திவிட்டார். "கதவெல்லாம் எங்கே?" என்று கேட்டவர்களுக்கு "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்று பதில். பல வருஷமாக அதே ரிப்பேர்தான் நடந்துகொண்டிருக்கிறது.

போகும்போது அந்த ஸ்க்ரூ டிரைவரை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போனார் வீட்டுக்காரர். "இது இங்கயே கெடக்கட்டும். உன் குணத்துக்குத் தேவைப்படும்."

அந்த நூலகத்தில் பேர்போன அடுக்கு ஒன்று உண்டு. அது ஆரம்பித்த கதை இது. ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்று வந்து, "மேடம், எல்லாரும் செத்துப்போற மாதிரி இருக்கணும், ஆனா சாகக் கூடாது. அப்படி ஒரு கதை இருக்கா?" என்று கேட்டது. மேடத்துக்குச் சிரிப்பு வந்தாலும் கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் யாருக்குத்தான் அந்தக் கதை வேண்டாம்? தேடித் தேடி எடுத்தார். இயந்திரம் நின்றுபோன படகில் அக்காவும் தம்பியும், பனிமலையில் கால் ஒடிந்து கிடக்கும் பையன், சண்டை நடக்கிற ஊரிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற சிறுமி, பெரிய ரயில் நிலையத்தில் தனியாக விடப்பட்டவன், சொந்தக்காரர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்கவிட்டு ராத்திரி ஆனால் சாமான் அறையில் வைத்துப் பூட்டப்படுகிற பெண். எல்லாம் பிள்ளைகள். எல்லாரும் பிழைத்தார்கள். அடுக்கின் மேல் அட்டையில் ‘பிழைத்து வந்தவர்கள்’ என்று எழுதி ஒட்டினார்.

அவர் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வதே தனி அழகு. அருமையான நூல், நல்ல நீதி இருக்கிறது என்றெல்லாம் சொல்ல மாட்டார். நீதி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு முதல் மூச்சு வந்துவிடும். எதிரே நிற்கிற பிள்ளையின் கண்ணைப் பார்த்து, "படகு நடுக்கடல்ல நின்னுபோச்சு. குடிக்கத் தண்ணி ஒரு பாட்டில். தம்பிக்குக் காய்ச்சல்" என்பார். அவ்வளவுதான். "அப்புறம் மேடம்?" என்றால், "அப்புறம் உள்ள இருக்கு" என்று புத்தகத்தைக் கையில் திணித்துவிடுவார். முடிவை மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார். அடம்பிடித்து அழுத பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்லை. முடிவைச் சொல்லுகிற நூலகர் பரிசுப் பொட்டலத்தைத் தானே பிரித்துக் கொடுக்கிறவர் மாதிரி என்பது அவர் கட்சி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் அவரை அரித்தது. புத்தகங்கள் பாதியில் திரும்பி வந்தன. ஏன் என்று கேட்டால், "பயமா இருந்துச்சு மேடம், மூடிட்டேன்" என்றன பிள்ளைகள். எல்லாப் புத்தகத்திலும் ஒரு பக்கம் இருக்கிறது, இனி அவ்வளவுதான், ஆள் காலி என்று தோன்றுகிற பக்கம். அங்கே வந்ததும் பிள்ளைகள் மூடிவிடுகிறார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. "நீ அங்க மூடினா அந்தப் பொண்ணு அங்கயே கெடப்பாளே! அடுத்த அதிகாரத்துக்கு அவளை யார் கூட்டிட்டுப் போவா?" என்று கத்தினார். கத்தி என்ன பயன்? ஒவ்வொரு புத்தகமாக உட்கார்ந்து மறுபடியும் படித்து, அந்த மோசமான பக்கத்தைக் கண்டுபிடித்து, அங்கே கெட்டி அட்டையில் ஒரு சீட்டு எழுதிச் செருகினார். ‘இங்கே மூடாதே. விடியப்போகிறது.’ ‘கால் வலிக்கிறதா? அவனுக்கும்தான். நட.’ சாமான் அறைப் பெண்ணின் புத்தகத்தில் எழுதியது இது: ‘இங்கே மூடாதே. இன்னும் கொஞ்சம் போ. கதவு திறக்கும்.’

அதன்பிறகு பாதியில் திரும்பிய புத்தகம் குறைந்தது. சீட்டு வந்ததா என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். "நான் சீட்டத் தாண்டிட்டேன்டி" என்று பெருமையடித்துக்கொள்வார்கள். சீட்டு ரொம்ப நாள் ஒரே இடத்தில் கிடந்ததால் புத்தகத்தின் முதுகு அங்கே விட்டுப்போய், கையில் எடுத்தாலே சரியாக அந்தப் பக்கத்தில்தான் வாயைப் பிளந்தது. மேடம் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

சாமான் அறைப் பெண்ணின் கதையை எடுத்துப்போனது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மேடம் அவளை நத்தை என்று கூப்பிடுவார். ரொம்ப மெதுவாகப் படிப்பாள், வரிக்கு வரி விரல் வைத்து. அதோடு முதுகுப் பையைக் கழற்றவே மாட்டாள். நூலகத்தில் உட்காரும்போதும் அந்த வீங்கிய பை முதுகிலேயே இருக்கும். "நத்தைக்கு வீடு முதுகுல. இறக்கி வெச்சாத்தான் என்னடி, நாங்க என்ன திருடவா போறோம்?" என்பார் மேடம். அவள் சிரித்துவிட்டுத் தோள்பட்டையை இன்னும் இறுக்கிக்கொள்வாள்.

ஒரு நாள் காலை இரண்டாம் பீரியடில் தலைமையாசிரியை மேடத்தைக் கீழே கூப்பிட்டனுப்பினார். அறையில் பள்ளிக் கமிட்டித் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் பெரிய டைல்ஸ் கடை அவருடையது, அதனால் எல்லாருக்கும் டைல்ஸ்காரர். மனுஷர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எப்போதும் புன்சிரிப்பு, எல்லாரையும் அம்மா, ஐயா என்பார். அவர் முன்னால் மேசைமேல் நத்தை எடுத்துப்போன புத்தகம் இருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. ஒண்ணுமில்ல, மனசு கேக்கல, அதான் வந்தேன்" என்றார். "எங்க பில்டிங்குல ஒரு பொண்ணு, நம்ம ஸ்கூல் பொண்ணுதான், நேத்து ராத்திரி மாடிப்படில உக்காந்து இதைப் படிச்சுக்கிட்டிருந்தா. அப்படி என்னதான்னு வாங்கித் தொறந்தேன். தொறந்ததும் என்ன வந்துச்சு தெரியுமாம்மா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சாமான் அறையில் மூட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், நாளைக்கு நான் எழுந்திருக்கவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தையெல்லாம் யார் தேய்ப்பார்கள் என்று மட்டும்தான் இவர்கள் கவலைப்படுவார்கள் என்று நினைக்கிற இடம். சீட்டு அதில் இல்லை, ஆனால் புத்தகம் பழகின பக்கத்தில்தான் பிரிந்திருந்தது.

"இது ஒண்ணுதான்னு நெனச்சேன். காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடியே மாடிக்கு ஆள் அனுப்பி அந்த அடுக்குல இருந்ததையெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னேன்." தரையில் ஒரு அடுக்குப் புத்தகம். ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் விரித்துக் காட்டினார். காய்ச்சல் தம்பி. பனி. அழுகிற கைக்குழந்தை. "பாருங்க, எதைத் தொறந்தாலும் அழுகை! எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் சாவு!"

மேடத்துக்கு முதல் மூச்சு வந்தது. "எந்தப் பக்கத்தையும் நீங்க தொறக்கல சார். நான் சீட்டு வெச்ச பக்கத்தை மட்டும்தான் தொறந்தீங்க."

டைல்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ, இருக்கறதுலயே மோசமான பக்கமாத் தேடிப் பாத்து, நீங்களே சீட்டு வேற வெச்சிருக்கீங்களா?"

தலைமையாசிரியை தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷம் மேடம் பிள்ளைகளைத் தாண்டவைக்கச் செய்த வேலை, இந்த ஆளுக்கு வழிகாட்டிப் பலகையாகிவிட்டதே!

"சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார்."

"படிச்சேனே. மத்த புத்தகத்துல இருந்துச்சே. ‘நட, நட.’ சின்னப் பிள்ளைங்களை எங்கம்மா நடக்கச் சொல்றீங்க?"

"அடுத்த அதிகாரத்துக்கு! நீங்களும் கொஞ்சம் போய்ப் பாருங்க. இங்கயே உக்காந்து படிங்க. பத்துப் பக்கம் தாண்டறதுக்குள்ள அந்தப் பொண்ணு வெளிய வந்துடுவா."

"நேரம் ஏதும்மா? கடைக்கு லோடு வந்து நிக்குது." எழுந்துகொண்டார். "நான் கெட்டவன் இல்ல. புயல், பனி, சுறாமீன் இதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைங்களுக்குத் துணிச்சல் வரும். இந்த வீடு, சொந்தக்காரங்க, பூட்டி வெக்கிறது, சோறு போடாதது இதெல்லாம் மட்டும் வேண்டாம். நம்ம பக்கத்துல இப்படியெல்லாம் நடக்குதா சொல்லுங்க? இல்லாததைப் பிள்ளைங்க மனசுல ஏன் ஏத்தணும்?"

அதாவது சுறாமீன் ஒரு பிள்ளையின் காலைக் கடிக்கலாம். அதைப் படித்தால் துணிச்சல் வரும். பெரியம்மாவோ மாமாவோ ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டார்கள் என்று எழுதினால் மட்டும் மனசு கெட்டுவிடும். சுறாமீன் கமிட்டியில் உறுப்பினராக இல்லை பாருங்கள், அதனால் அதன் பெயர் கெட்டாலும் கேட்க நாதியில்லை. மேடத்துக்கு இரண்டாவது மூச்சும் வந்தது. மூன்றாவது வருவதற்குள் டைல்ஸ்காரர் அவரே எல்லாப் புத்தகங்களையும் தலைமையாசிரியையின் கண்ணாடிப் பீரோவுக்குள் அடுக்கி, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பிரிப்பாராம், எது இருக்கலாம் எது கூடாது என்று.

"கொஞ்ச நாள் உள்ள இருக்கட்டும்மா. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் எவ்வளவு நாள் இருக்கு? அதுவரைக்கும் என்னை நிம்மதியா விடுங்களேன்" என்றார் தலைமையாசிரியை.

மேடம் மாடிக்குப் போனார். அடுக்கு காலி. ‘பிழைத்து வந்தவர்கள்’ என்ற அட்டையை மட்டும் அவர் கழற்றவில்லை. "எங்க மேடம் எல்லாம்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு, "பிழைச்சு வந்தவங்களைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க" என்றார்.

அவருக்கு வேறு எதைவிடவும் ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. நத்தை எந்தப் பக்கத்தில் நிற்கிறாள்? மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தார்.

"எதுவரைக்கும் படிச்ச?"

"உங்க சீட்டு வரைக்கும் மேடம்."

"அதுக்கு மேல?"

"அதுக்குள்ள வாங்கிட்டாங்க."

போச்சு. சரியாக அந்த இடத்தில்! பிள்ளையைக் கொண்டுபோய் நடுக்கிணற்றில் நிறுத்திவிட்டுக் கயிற்றை உருவிக்கொண்டு போய்விட்டான் அந்தச் சிரித்த மூஞ்சிக்காரன். "நீ கவலைப்படாதே. அந்தப் புத்தகத்தை உன் கையில வாங்கித் தராம விட மாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

நத்தை தலையாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டே, "மேடம், கதவு திறக்கும்னு போட்டிருந்தீங்களே. யார் திறப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஆங், அதைச் சொல்லிட்டா அப்புறம் நீ எதுக்குப் படிக்கணும்? நீயே படிச்சுத் தெரிஞ்சுக்க. வாங்கித் தரேன்னு சொன்னேன்ல?"

"சரி மேடம்" என்று போய்விட்டாள். பை முதுகில் ஆடிக்கொண்டு போனது.

அப்புறம் தொடங்கியது யுத்தம். மேடம் தினமும் தலைமையாசிரியை அறை வாசலில் போய் நின்றார். கமிட்டிக்கு எழுதினார். டைல்ஸ் கடைக்கே ஒரு நாள் போய், குளியலறை டைல்ஸ் பார்க்க வந்த குடும்பத்துக்கு முன்னால் சத்தம் போட்டார். டைல்ஸ்காரர் அதே புன்சிரிப்போடு, "அம்மாவுக்கு ஒரு ஜூஸ் கொண்டாங்கப்பா" என்றார். கோபப்படுகிறவனோடு சண்டை போடலாம். ஜூஸ் வாங்கித் தருகிறவனோடு எப்படிப் போடுவது? குடிக்காமல் திரும்பினார்.

வீட்டில் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டே அத்தனையையும் கொட்டினார். "மாடிப்படில உக்காந்து படிச்சுதாம் பொண்ணு, அதுல என்ன தப்பு? பிள்ளை எங்க உக்காந்து படிச்சா இவனுக்கென்ன?"

"அவங்க பில்டிங்குல மாடிப்படி லைட்டு எரியுதா? பரவாயில்லையே" என்றார் வீட்டுக்காரர். "அப்படியே லிஃப்ட்டும் ஓடுதான்னு கேளு. ரெண்டு வருஷமா சர்வீஸுக்குக் கூப்பிடல."

மேடம் சிரித்துவிட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சில வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் அலுவலகக் கிளார்க் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "மேடம், ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு டி.சி. வாங்கிட்டுப் போகுது. உங்க புத்தகம் ஒண்ணு அது பேர்ல நிக்குது. புத்தகம் வராம டி.சி. தர முடியாதுன்னு சொன்னேன், அழுவுது." பின்னாலேயே நத்தை. கூடவே வேர்த்து வழிந்துகொண்டு ஒரு பெண். பயணக் களைப்பு முகத்தில் அப்பியிருந்தது.

"டி.சி.யா? எங்கடி போற?"

"சித்தி வீட்டுக்கு மேடம்."

சித்திதான் விவரம் சொன்னாள். நத்தைக்கு அப்பா இல்லை. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கிறாள். பிள்ளையைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தது. "ஒவ்வொரு வாரமும் அக்கா பேசுவா. ஆனா இவ பெரியம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டிருப்பா. நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், இதைத் தவிர இவ என்ன சொல்ல முடியும்? எங்களுக்கு எதுவுமே தெரியாதுங்க. வேலை முடிக்கலன்னா வெளிய தள்ளிக் கதவைப் பூட்டிடுவாங்களாம். ராத்திரியெல்லாம் மாடிப்படிலயாம். அக்கா ஹெச்.எம்.கிட்ட ஃபோன்ல பேசிட்டா. இவ பெரியப்பா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள நாங்க பஸ் ஏறிடணும்."

மாடிப்படி. அந்தச் சொல்லை மேடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். அந்த ஆள் வாயாலேயே கேட்டிருந்தார். ராத்திரி வேளையில் ஒரு பெண் பிள்ளை வீட்டுக்குள்ளே இல்லாமல் படிக்கட்டில் ஏன் உட்கார்ந்திருந்தது என்று அவன் கேட்கவில்லை, தலைமையாசிரியை கேட்கவில்லை, சரி. தானும் கேட்கவில்லையே! சீட்டு, பக்கம், அதிகாரம் என்று குதித்தோமே, வீட்டில் வந்து அதை வைத்துச் சிரிக்கவும் செய்தோமே! அந்த வீங்கிய பையைப் பார்த்தார். ஒரு துணி முனை ஜிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நத்தை என்று பெயர் வேறு வைத்தோம். அவருக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"நீ எப்படிடி சித்திக்குச் சொன்ன?"

"யார் திறப்பாங்கன்னு நீங்க சொல்லல இல்ல மேடம்? யாராவது வருவாங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் பாத்தேன். அப்புறம் பஸ் ஸ்டாப்புல ஒரு அக்காகிட்ட ஃபோன் கேட்டு, அம்மாவுக்கு நானே பேசிட்டேன்." ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து கெட்டி அட்டைச் சீட்டு ஒன்றை எடுத்தாள். ஓரமெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. "இது உங்களோடது மேடம். புத்தகத்தக் குடுக்கறதுக்கு முன்னாடி உருவிக்கிட்டேன்."

மேடம் சீட்டை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். கிளார்க் நீட்டிய தாளில், புத்தகம் தலைமையாசிரியை அறைப் பீரோவில் பத்திரமாக உள்ளது, மாணவி பேரில் பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "டி.சி.யைக் குடுங்க. தாமதம் பண்ணினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்." பிறகு டிராயரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். "சாவி அவர்கிட்டல்ல இருக்கு? வெளியூர் போயிருக்கார். வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

"சாவி வேண்டாம்."

"என்ன பண்றீங்க நீங்க?"

"கதவு ரிப்பேருக்குப் போகுது" என்று முதல் கீலில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார் மேடம். திருகு துருப்பிடித்திருந்தது. முழுப் பலத்தையும் கொடுத்துத் திருகினார். கோபமா, வெட்கமா, அவருக்கே தெரியவில்லை. மேல் கீல் விட்டதும் கதவு ஒரு பக்கமாகச் சரிந்தது. தலைமையாசிரியை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று மேடம் நினைத்தார். வந்தவர் இரண்டு கையாலும் கதவைத் தாங்கிக்கொண்டார்.

"கண்ணாடி பத்திரம்" என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணோட அம்மா ஃபோன்ல அழுதாங்க. எனக்குக் காலையிலேர்ந்து தண்ணி எறங்கல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

எல்லாவற்றையும் பிறகு தூக்கிக்கொள்ளலாம். மேடம் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு ஓடினார். சித்தி ரோட்டோரத்தில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நத்தை கையில் டி.சி. கவர்.

"இந்தா. நான் சொன்னா சொன்னதுதான். பஸ்ல படி."

"ஸ்கூல் புத்தகம் மேடம்."

"தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கறேன். எத்தனையோ தொலைஞ்சிருக்கு இங்க."

நத்தை புத்தகத்தைக் கையில் வாங்கினாள். அது வழக்கம்போல அந்தப் பக்கத்தில்தான் பிரிந்தது. சீட்டை அதற்குள் வைத்தாள். மூடவில்லை. "இப்பவாவது சொல்லுங்க மேடம். யார் திறப்பாங்க?"

இத்தனை வருஷத்தில் யாருக்கும் முடிவைச் சொல்லாதவர் மேடம். அந்தக் கர்வமெல்லாம் இப்போது எங்கே போனதோ தெரியவில்லை. சொல்லவும் கூசியது. ஆனாலும் இரண்டாம் தடவை கேட்கிற பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரர். ராத்திரி அழுகைச் சத்தம் கேட்டு வந்து கதவைத் தட்டுவார். திறக்கற வரைக்கும் தட்டுவார்."

பஸ் திருப்பத்தில் வந்துவிட்டது, சித்தி கையைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"எங்க பக்கத்து வீட்டு சாரும் நல்லவர்தான் மேடம்" என்றாள் நத்தை, பையைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "டைல்ஸ் கடை சார். அன்னிக்கு இந்தப் புத்தகத்த வாங்கினப்போகூட, இருட்டுல படிக்காதம்மா, கண்ணு கெட்டுப்போயிடும்னு சொன்னார். சொல்லிட்டுத்தான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்."